வழக்கறிஞர் விளம்பரத் தடை: விதி 36 யாரைக் காக்கிறது?

தல்லாகுளம் ஜூனியர்:
மூவர் சேர்ந்து அலுவலகம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மூவர் குடும்பத்திலும் இதற்கு முன் வக்கீல் எவரும் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் விதி 36, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும் வேலை கேட்பதையும் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், வக்கீல் தொழில் வணிகமன்று, சேவை என்று கூறி, இணைய நிறுவனங்கள் வழியே விளம்பரம் தேடும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப் பணித்தது. அந்தக் கவலையின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயர்ப்பலகையுமே விளம்பரமாக நிற்கும் அலுவலகங்களை இத்தடை தொடுவதில்லை. எங்களைப் போன்றோர்தான் வாயடைத்து நிற்கிறோம். தகவல் சொல்வதையும் வேலைக்கு இரப்பதையும் ஒன்றாகக் கருதுவது முறையா?

மாவட்ட நீதிமன்ற மூத்தவர்:
தம்பி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளிலேயே என் முப்பது ஆண்டுகள் போயின. பிணவறை வாசலில் வக்காலத்துத் தாளோடு நிற்கும் தரகரை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தைத் திறந்துவிட்டால் அவர் மறையமாட்டார். கைப்பேசித் திரைக்குள் புகுந்துகொள்வார். தேடுபொறியில் முதல் இடத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்? நீங்கள் மூவரா, பணம் படைத்த பெரிய அலுவலகமா? புதியவர்களுக்காகக் கேட்கும் இந்தச் சலுகை புதியவர்களைத்தான் முதலில் விழுங்கும்.

தல்லாகுளம் ஜூனியர்:
ஐயா, தரகர் இருப்பது இந்தத் தடை இருக்கும்போதுதான் என்பதையும் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் சட்டத்தில் 2023-இல் சேர்க்கப்பட்ட 45ஏ பிரிவு, நீதிமன்றப் பட்டியலில் தரகர் என்று பெயர் ஏறிய பின்னும் அவ்வேலை செய்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அந்த அபராதம் ஒரு விபத்து வழக்கின் தரகுத் தொகைக்கு அருகில்கூட வராது.

விதிக்குள்ளேயே முரணும் இருக்கிறது. இன்ன வகை வழக்கில் தேர்ச்சி பெற்றவர் என்று பெயர்ப்பலகையில் எழுதக் கூடாது. 2008-இல் செய்த திருத்தத்தின்படியோ, இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு விவரம், கல்வித் தகுதி ஆகியவற்றோடு எந்தத் துறையில் வழக்காடுகிறோம் என்பதையும் சொல்லலாம். மக்களுக்கு முதலில் தேவைப்படும் ஒன்று, அதாவது கட்டணம், அந்த அனுமதிப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் இரு இளம் வழக்கறிஞர்கள் 1976-இல் நாளிதழில் வெளியிட்டது எளிய வழக்குகளின் கட்டணத்தைத்தான். அதைத் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1977-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

கட்சிக்காரர் ஒருவர்:
நான் வக்கீல் அல்லன். என் தந்தை சாலை விபத்தில் இறந்த இரண்டாம் நாள், மருத்துவமனை வாசலில் ஒருவர் ஆறுதல் சொல்லிவிட்டு வெற்றுத் தாள்களில் என் தாயாரிடம் கையெழுத்து வாங்கிச் சென்றார். வழக்கு நடத்திய வக்கீலின் முகத்தை ஓராண்டு கழித்துத்தான் கண்டோம். வந்த இழப்பீட்டில் கால் பங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது என்று பிறகுதான் அறிந்தோம். அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது வண்ண விளம்பரம் அன்று. எவ்வளவு கட்டணம் நியாயம், யாரிடம் கேட்பது என்ற இரண்டு செய்திகள் மட்டுமே.

மாவட்ட நீதிமன்ற மூத்தவர்:
உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்துகிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிந்தே கண்டும் காணாமல் விட்ட குற்றம் அது.

தம்பி சொன்ன அமெரிக்கக் கதையை முடித்துவைக்கிறேன். அந்தத் தீர்ப்புக்குப் பின் விபத்துக் குடும்பங்களுக்கு வக்கீல்களின் கடிதங்கள் குவிந்தன. விபத்து நடந்து முப்பது நாள் வரை அப்படி எழுதக் கூடாது என்று புளோரிடாவில் விதி செய்ய வேண்டி வந்தது. அதே உச்ச நீதிமன்றம் 1995-இல் அந்த விதியை ஏற்றது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று நம் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. சோப்பு விளம்பரம் பொய்யானால் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீலின் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்கு அந்த வாசல் இல்லை. அந்தப் பாதுகாப்பையும் வைத்துக்கொண்டு விளம்பர உரிமையையும் கேட்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

தல்லாகுளம் ஜூனியர்:
இந்த வாதத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை, ஐயா. வென்ற வழக்குகளின் எண்ணிக்கை, நடிகரை வைத்து எடுக்கும் படம், விலைக்கு வாங்கிய நட்சத்திர மதிப்பீடு ஆகியவற்றை நான் விட்டுவிடுகிறேன். கட்டணத்தை விடமாட்டேன். இங்கிலாந்தில் வீடு வாங்கும் பத்திரப் பணி, இறந்தவர் சொத்து நிர்வாகம் போன்றவற்றுக்கான கட்டணத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2018 டிசம்பர் முதல் சட்ட அலுவலகங்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அங்கே அது வக்கீலின் சலுகை அன்று, கட்சிக்காரருக்கான கடமை. 2008-ஆம் ஆண்டின் பட்டியலில் இதையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதப் போகிறேன்.

மாவட்ட நீதிமன்ற மூத்தவர்:
கட்டணம் மட்டும் என்றால் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் அது பார் கவுன்சிலே நடத்தும் பட்டியலாக, பதிவு எண் வரிசையில் இருக்க வேண்டும். எவரும் பணம் கொடுத்து மேலே ஏற இடம் இருக்கக் கூடாது.

கட்சிக்காரர் ஒருவர்:
அந்தப் பட்டியல் தமிழில் இருக்கட்டும். இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணோடு சேர்த்து, அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுச் சுவரிலும் ஒட்டச் சொல்லி மனுவில் எழுதுங்கள். என் தாயார் அன்று இரவு முழுவதும் அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.