உதவி: 2001 டொயோட்டா செலிகா, மேட்டில் இழுவை இல்லை, ஆயில் குடிக்கிறது, ஸ்பேர் எங்கே தேடுவது?

கடையநல்லூர்_கூப்

எல்லாருக்கும் வணக்கம். என் மாமா சிங்கப்பூரில் வேலை முடித்து ஊருக்குத் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த வண்டி இது. டொயோட்டா செலிகா, 2001 மாடல், ஏழாம் தலைமுறை, 1.8 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். மும்பைத் துறைமுகத்தில் இறக்கி, 2003-இல் நெல்லையில் பதிவு செய்தது. மாமாவுக்கு இப்போது முட்டிவலி. அவ்வளவு தாழ்வான வண்டியில் ஏறி இறங்க முடியவில்லை என்று சாவியை என்னிடம் தந்துவிட்டார்.

தென்காசி, ஆலங்குளம் என்று சமதரையில் போனால் பெரிதாகக் குறை தெரியாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை மேட்டில் ஏறும்போதுதான் முக்குகிறது. ஐடிலிங் குதிக்கிறது, சில நேரம் சிக்னலில் நின்றுவிடுகிறது. செக் என்ஜின் லைட் வரும், இரண்டு நாள் இருக்கும், தானாகப் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலும் காணாமல் போகிறது. தரையில் சொட்டு இல்லை.

செல்போனில் இணைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிப் போட்டேன், வண்டியோடு பேசவே மாட்டேன் என்கிறது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில், இந்த மாடல் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி ஓட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பேர் கடையில் செலிகா என்றால் "செலிரியோவா தம்பி?" என்கிறார்கள்.

இதெல்லாம் போக, டிரைவர் பக்க ஹெட்லைட்டின் பிடிமானக் காது உடைந்திருக்கிறது, கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. டிக்கி பீடிங் வழியாகச் சாரல் தண்ணீர் உள்ளே வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பேனர்_பாளை

தம்பி, முதல் காரியம்: கடையில் செலிகா என்று சொல்வதை நிறுத்துங்கள். "2003 கொரோலா பெட்ரோல்" என்று கேளுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது 1இசட்இசட்-எஃப்இ என்ஜின், 1794 சிசி. 2003-இல் இந்தியாவுக்கு வந்த கொரோலாவிலும் அதே என்ஜின்தான். 2008-இல் வந்த கொரோலா ஆல்டிஸின் தொடக்க வண்டிகளிலும் அதுவே. பவர் கொஞ்சம் முன்பின் இருக்கும், அது டியூனிங். பிஸ்டன், ரிங், டைமிங் செயின், காயில், வாட்டர் பம்ப், கேஸ்கட் என்று உள்வேலைச் சாமானில் பெரும்பாலானவை நம்ம ஊர் கொரோலா சாமான். சென்னை புதுப்பேட்டையில் கொரோலா பெயரைச் சொன்னால் பத்துக் கடை கைகாட்டும்.

அதோடு பார்ட் நம்பரை வைத்துத் தேடப் பழகுங்கள். டொயோட்டா நம்பர் ஐந்து ஐந்தாகப் பிரிந்த பத்து இலக்கம். முதல் ஐந்து இது என்ன சாமான் என்று சொல்லும், அடுத்த ஐந்து எந்த வகை என்று சொல்லும். இக்னிஷன் காயில் 90919-02239. அந்த நம்பர் பொருந்தினால் டப்பாவில் எந்த வண்டிப் பெயர் இருந்தாலும் கவலை வேண்டாம்.

இப்போது நோய்க்கு வருவோம். உங்கள் ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்து ஆசிய மாடல்கள் பலவற்றில் சாதாரண ஸ்கேனர் பேசும் முறை இருக்காது. வண்டியே லைட்டை மினுக்கிச் சொல்லும், எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 ஓட்டை சாக்கெட்டில் மேல்வரிசையில் 4, கீழ்வரிசையில் 13, இரண்டையும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது இணைத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் லைட் மினுக்கும். கோளாறு இல்லை என்றால் விடாமல் ஒரே வேகத்தில் மினுக்கும். கோளாறு இருந்தால் இரண்டு இலக்கமாக, நடுவே இடைவெளி விட்டு மினுக்கும். 16-ஆம் ஓட்டையில் வயர் பட்டுவிடக் கூடாது, அங்கே பேட்டரி நேர் கரண்ட் இருக்கிறது.

புகை எப்போது வருகிறது, என்ன நிறம் என்றும் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வருகிறதா, மேடு ஏறும்போது வருகிறதா, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது வருகிறதா?

கடையநல்லூர்_கூப்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. செய்து பார்த்தேன். ஐந்து மினுக்கல், ஒரு இடைவெளி, ஒன்பது மினுக்கல். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

புகை மெல்லிய நீலம். பின்னால் வந்த நண்பன் பார்த்துச் சொன்னது: மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது வருகிறது. காலையில் இல்லை, இறக்கத்திலும் இல்லை. கடைசியாக லைட் வந்தபோது டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டில் இருந்தது.

ஆல்டிஸ்காரன்_கோவில்பட்டி

59 என்றால் ஸ்கேனர் மொழியில் பி1349. விவிடி-ஐ, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். என்னுடைய பழைய ஆல்டிஸும் இதே பாட்டைப் பாடியது.

இன்டேக் கேம் ஷாப்டின் நேரத்தை முன்பின் நகர்த்துவது ஆயில் அழுத்தம். அந்த ஆயிலைத் திறந்து மூடுவது ஹெட்டில் இருக்கும் ஒரு மின்வால்வு. மெக்கானிக்குகள் ஓசிவி என்பார்கள், பார்ட் நம்பர் 15330 என்று தொடங்கும். வெறும் 3.7 லிட்டர் கொள்ளும் என்ஜினில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால், மேட்டிலும் வளைவிலும் மேலே போகிற ஆயிலின் அழுத்தம் சரியாக நிற்காது. அதனால் உங்களுடைய இரண்டு தொந்தரவும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆயில் எரிகிறது, எரிந்த கசடு வால்வில் அடைகிறது, மிச்சம் இருக்கிற ஆயிலும் போதவில்லை.

வால்வைப் பிடித்திருப்பது ஒரே போல்ட். கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். நம்ம ஊர் மதிய வெயிலில் கொஞ்சம் கூடக் காட்டும், பயப்படாதீர்கள். கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்துக் கழுவிவிட்டு 12 வோல்ட்டை ஒரு நொடி தொட்டால் உள்ளே இருக்கும் தண்டு டக்கென்று நகர வேண்டும். ஹெட்டில் தனியாக ஒரு போல்ட்டுக்குப் பின்னால் சின்னக் கம்பிவலை ஃபில்டர் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுவார்கள். அதையும் கழுவுங்கள்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. என்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது வால்வின் கனெக்டரைக் கழற்றி, வால்வுக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள். என்ஜின் உதற வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். அப்படி நடந்தால் நல்ல செய்தி. ஒன்றுமே ஆகவில்லை என்றால் ஆயில் போய்ச் சேரவில்லை, அல்லது கேம் கியரே இறுகியிருக்கிறது.

20டபிள்யூ-50 பற்றி: புகை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஆயிலை வைத்து நகரும் மெக்கானிசத்துக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால், குளிர்ந்த என்ஜினில் எப்படி நேரத்துக்கு நகரும்? நானாக இருந்தால் 5டபிள்யூ-30, ரிங் வேலை முடியும்வரை அதிகம் போனால் 10டபிள்யூ-40.

ஆயில் எரிவதற்கு என் யோசனை: விபத்தில் போன கொரோலாவின் முழு என்ஜினையே வாங்கி மாட்டிவிடுங்கள். ரிங், பிஸ்டன் என்று பிரித்து மேய்வதைவிடச் செலவு குறையும்.

பேட்டை_லேத்

கோவில்பட்டி அண்ணாச்சி வால்வு பற்றிச் சொன்னது எல்லாம் சரி. கடைசிப் பத்தியில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. என்ஜின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கிறது. பிளாக் மாறினால் நம்பர் மாறும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இறக்குமதி வண்டிக்குப் பழைய என்ஜினின் பில், அது வந்த வண்டியின் காகிதம் எல்லாம் கேட்பார்கள். விபத்து வண்டியின் என்ஜினுக்கு ஒழுங்கான காகிதம் தருகிற கடை அபூர்வம். எப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. உங்கள் பிளாக்கை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் மட்டும் நீலப்புகை, காலையில் இல்லை என்றால் வால்வு சீலைவிட ரிங்கின் மேல்தான் சந்தேகம். அதற்கு முன், என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வராவிட்டால் மாற்றுங்கள். விலை மலிவு, அதுவே பாதி ஆயிலைக் குடிக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு "எல்லாம் நார்மல், ரிங் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அது கரியில் ஒட்டிக்கொண்டாலும் மீட்டரில் நம்பர் நன்றாகவே வரும். இந்த என்ஜினின் தொடக்க வருடப் பிஸ்டன்களில், வழித்த ஆயில் திரும்பிப் போகிற துளைகள் சிறியவை. கரி அடைத்தால் ரிங் ஒட்டும். பின்னால் வந்த பிஸ்டன்களில் அதைத் திருத்திவிட்டார்கள். அதனால் பிஸ்டன் வாங்குவதென்றால் பிந்திய கொரோலா வகையையே கேளுங்கள். போர் (சிலிண்டர் விட்டம்) 79 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 91.5, இரண்டிலும் ஒன்றுதான்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு மலிவு வைத்தியம்: பிளக்கைக் கழற்றிவிட்டு நாலு சிலிண்டரிலும் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிராங்க் சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டுத்தான் பிளக் மாட்ட வேண்டும். திரவம் உள்ளே நிற்கும்போது ஸ்டார்ட் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும். சிலருக்குப் பாதியாகக் குறைந்தது, சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். லேத்காரன் "போர் பண்ணி ஓவர்சைஸ் போடலாம்" என்பான். நானும் லேத்காரன்தான், சொல்கிறேன்: பண்ணக் கூடாது. அலுமினிய பிளாக்குக்குள் இருக்கும் இரும்பு லைனர் மிக மெல்லியது, கடைவதற்கு இடம் கொடுத்து அதைச் செய்யவில்லை. டயல் கேஜ் வைத்து அளந்து, தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஸ்டாண்டர்ட் பிஸ்டனும் ரிங்கும். தாண்டியிருந்தால்தான் வேறு பிளாக், ஆர்டிஓ எல்லாம்.

ஸ்பேனர்_பாளை

லேத்காரர் சொன்னதற்கு மேல் ஒன்று. டைமிங் செயின் டென்ஷனரைச் சுற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். அதன் ஓ-ரிங் காய்ந்து கசிவது இந்த என்ஜினில் சகஜம். தரையில் சொட்டாது, என்ஜின் மேலேயே வழிந்து காயும். இரண்டு நட்டுதான். ஆனால் ஓ-ரிங் மாற்றுகிறேன் என்று கழற்றி அப்படியே திரும்பச் சொருகாதீர்கள். பிளஞ்சரை உள்ளே அழுத்தி, அதன் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பிறகு கிராங்கை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பினால் கொக்கி விடுபட்டுச் செயினை அழுத்தும். டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கைத் தொடவே கூடாது, செயின் பல் தாண்டும்.

சிங்கை_தென்காசி

தம்பி, உங்கள் வண்டி வந்த சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே அந்த வயது வண்டியைத் தேடாதீர்கள். பத்து வருடத்தில் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமச் சான்று) முடியும், புதுப்பிக்காவிட்டால் வண்டியை ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பியாக வேண்டும். செலிகா உற்பத்தியே 2006-இல் நின்றுவிட்டது.

பாடி சாமானுக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் பக்கம் பழைய வண்டி பிரித்து விற்பவர்களைப் பாருங்கள். அங்கெல்லாம் நம்மைப் போல வலது ஸ்டீயரிங். அமெரிக்காவில் செலிகா நிறைய உண்டு, டெயில் லைட், பானட் எல்லாம் அங்கிருந்தும் எடுக்கலாம். ஹெட்லைட் மட்டும் வேண்டாம். இடது ஸ்டீயரிங் நாட்டு லைட்டின் டிம் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும், நம் சாலையில் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உடைந்தது காது மட்டும்தான் என்றால் புது லைட்டே தேவையில்லை. பம்பர் ஒட்டுகிறவர்கள் சூடான கம்பி பதித்து பிளாஸ்டிக் வெல்டிங் செய்வார்கள். மஞ்சளை 800, 1500, 2000 என்று தண்ணீர்த் தாளால் வரிசையாகத் தேய்த்து எடுத்துவிட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்கச் சொல்லுங்கள். கோட் அடிக்காமல் பாலிஷ் மட்டும் போட்டால் அடுத்த சித்திரைக்குள் திரும்ப மஞ்சள்.

கடையநல்லூர்_கூப்

நிலவரம் சொல்கிறேன். வால்வு 8 ஓம் காட்டியது, மத்தியானம் அளந்தது. தண்டு பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது, கழுவியதும் நகர்கிறது. கம்பிவலையில் கறுப்புக் கூழ். 12 வோல்ட் சோதனையில் என்ஜின் உதறி நின்றுவிட்டது. இஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) ஃபியூஸைக் கழற்றி, பதிவான கோளாறு எண்ணை அழித்துவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றினேன். புளியரையில் மூன்றாம் கியரிலேயே ஏறியது, லைட் வரவில்லை.

டென்ஷனரைச் சுற்றி ஈரம் இருக்கிறது. ஓ-ரிங்கைக் கொரோலா பெயரில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பிசிவி கலகலக்கவில்லை, அதுவும் கொரோலா சாமான்தான் வாங்கியிருக்கிறேன். ஊறவைக்கும் வைத்தியத்தை இந்த வாரம் செய்துவிட்டு, ஆயில் குறைவதை அளந்த பிறகுதான் பிஸ்டன் பற்றி முடிவு.

ஆல்டிஸ்காரன்_கோவில்பட்டி

மகிழ்ச்சி. பிஸ்டனுக்குப் பணம் எடுத்து வைக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். இறக்குமதிக் காருக்கு ஆர்சி புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி இருபது வருடம் தாண்டியதற்கு 80,000, ஜிஎஸ்டி தனி. 2003 பதிவு என்றால் உங்கள் அடுத்த முறை 2028. பசுமை வரியும் உண்டு.

கடையநல்லூர்_கூப்

2023-இல் மாமா 40,000 கட்டிய ரசீது இருக்கிறது. 80,000 என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

டிக்கி பீடிங் மட்டும் பாக்கி. கொரோலா பீடிங் பொருந்தவில்லை, மடிப்பு வேறு மாதிரி இருக்கிறது.

பேட்டை_லேத்

பீடிங்குக்கு வண்டிப் பெயரே வேண்டாம். பழையதில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு மதுரையில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்கு ரப்பர் விற்கும் கடைக்குப் போங்கள். தகடு கவ்வும் வாயின் அகலமும், மேலே இருக்கும் உருளையின் பருமனும் ஒத்துவந்தால் போதும், மீட்டர் கணக்கில் கொடுப்பார்கள். இணைப்பு டிக்கியின் கீழ்விளிம்பு நடுவில் வருகிற மாதிரி ஒட்டுங்கள், மேலே வைத்தால் அந்த மூட்டு வழியாகவே திரும்ப ஒழுகும்.