அப்பாவின் நுரையீரலில் எலும்பு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது

காசிமேடு செல்வி:
அப்பாவுக்கு 68 வயது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலையில் 31 வருஷம் இருந்தார். ஒரு வருஷமாக வறட்டு இருமல். இப்போது மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார். சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் தழும்பு, அடிப்பகுதியில் மரக்கிளை போல எலும்பு என்று வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா புற்றுநோய் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த எலும்பை ஆபரேஷன் செய்து எடுக்க முடியுமா?

தண்டையார்பேட்டை ரவி:
தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லும்மா: கிளை கிளையாகப் படியும் அந்த எலும்பு புற்றுநோய் இல்லை. சிடி அறையில் 22 வருஷம் வேலை பார்த்தேன், இப்படிச் சில படங்கள் வந்ததுண்டு. தழும்பு நாள்பட்டுக் கிடக்கும் இடத்தில் சில செல்கள் எலும்பு கட்டத் தொடங்கிவிடும். நிஜ எலும்புதான், சிலருக்கு உள்ளே மஜ்ஜைகூட இருக்கும். பரவலாக இருப்பதை வெட்டி எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் தேவையில்லை. மூச்சை அடைப்பது பெரும்பாலும் தழும்புதான். டாக்டரிடம் அதைப் பற்றிக் கேள். நிலக்கரி வேலையை மறக்காமல் சொல், தூசியாலும் தழும்பு வரும். அப்புறம், அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? வயிற்று அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் போகிறவர்களுக்கும் இந்தக் கிளை எலும்பு வருகிறது.

காசிமேடு செல்வி:
உண்டு அண்ணா. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்துவிடுவார். படுத்ததும் இருமல் அதிகம். இதை இதுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

ராயபுரம் மல்லிகா:
கட்டாயம் சொல்லும்மா. என் வீட்டுக்காரருக்கும் நுரையீரல் தழும்புதான், எலும்பு இல்லை. அவருக்கு பிர்ஃபெனிடோன் என்ற மருந்து கொடுத்தார்கள். நின்டெடனிப் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுமே தழும்பு வளர்வதை மெதுவாக்கும், வந்ததை மாற்றாது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆறு மாதம் வீணாக எதிர்பார்த்து அழுதேன். எந்தத் தழும்புக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பிர்ஃபெனிடோன் என்றால் சாப்பாட்டோடு கொடு, வெயிலில் விடாதே. இவருக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்யச் சொல், நடக்கும்போது ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

தண்டையார்பேட்டை ரவி:
பழைய எக்ஸ்ரே இருந்தாலும் எடுத்துப் போ. தழும்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

காசிமேடு செல்வி:
பீரோவுக்குப் பின்னால் 2016-இல் எடுத்தது கிடைத்தது அண்ணா. புதன்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இன்று ஏழரைக்கே சாப்பாடு போட்டுவிட்டேன், இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.