செம்பருத்தி டீ குடிச்சா பிரஷர் மாத்திரையைக் குறைக்கலாமா?

மாடித்தோட்டம் மல்லிகா:
அப்பாவுக்கு 68 வயசு. வீட்டுச் செடியில அஞ்சு பூ பறிச்சு, காம்பும் மகரந்தமும் எடுத்துட்டு, இதழைக் கொதிக்கிற தண்ணியில போட்டு மூடி வைக்கிறேன். எலுமிச்சை பிழிஞ்சதும் ஊதா மாறி பளிச்னு சிவப்பாகும். அதைப் பாக்கவே டம்ளரோட வந்து நிப்பார். மூணு வாரத்துல மேல் அளவு 150ல இருந்து 140க்கு வந்திருக்கு. மாத்திரையைப் பாதியாக்கலாமான்னு கேக்கிறார்.

மாத்திரைக்காரன்:
வேண்டாம் அக்கா. மருந்துக்கடையில நிக்கிறவன் சொல்றேன், டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. அதோட, பிரஷர் குறையும்னு ஆராய்ச்சி வந்தது உங்க வீட்டுப் பூவுக்கு இல்ல. அது புளிச்சகீரைச் செடி. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுத்தித் தடிச்சு நிக்கிற சிவப்புப் புல்லி இதழைக் காயவெச்சுப் போடறது. எலுமிச்சை இல்லாமலே புளிக்கும். உங்களுது புளிக்குதா?

துபாய்வாசி:
இங்க அதுதான் கர்க்கதே. சூடான்காரர் கடையில மூட்டையா இருக்கும். ஆபீஸ்ல பாதிப்பேர் அதைப் பெர்ரின்னே நினைச்சுக் குடிக்கிறாங்க. ஆனா தம்பி, பாட்டி காலத்துக் கஷாயத்துக்கெல்லாம் ஆராய்ச்சிச் சீட்டு கேட்டா எப்படி? பூதானே, என்ன கெடுதல்?

மாத்திரைக்காரன்:
பூவால கெடுதல்னு நான் சொல்லலையே அண்ணே, மாத்திரையை நிறுத்தறதுதான் கெடுதல். 2010ல அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 65 பேருக்கு ஆறு வாரம், தினம் மூணு கப் குடுத்துப் பாத்தாங்க. மேல் அளவு சராசரியா 7.2 இறங்குச்சு, ஒப்பிட்டுப் பாக்க, அந்த டீ இல்லாம குடுத்த போலிப் பானம் குடிச்சவங்களுக்கு 1.3. நல்ல சேதிதான். ஆனா அவங்க யாரும் பிரஷர் மாத்திரை சாப்பிடாதவங்க, பிரஷரும் லேசாத்தான் ஏறியிருந்துச்சு. மாத்திரைக்குப் பதிலா டீன்னு அதுல எங்கயும் இல்ல. மாத்திரையோட சேர்த்துக் குடிச்சா அளவுக்கு மீறி இறங்கித் தலை சுத்தவும் வாய்ப்பு இருக்கு.

துபாய்வாசி:
7 இறங்குச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, அது போதும் எனக்கு.

மாத்திரைக்காரன்:
உங்க டம்ளர்ல சர்க்கரை எத்தனை ஸ்பூன்?

துபாய்வாசி:
மூணு. அது வேற கதை.

கீரைக்கட்டு:
நடுவுல ஒண்ணு. புளிச்சகீரை டீயை அலுமினியப் பாத்திரத்துல கொதிக்க விடாதீங்க, புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. ராத்திரி பச்சைத்தண்ணியில ஊறப்போட்டாலும் சாறு இறங்கிடும்.

மாத்திரைக்காரன்:
அக்கா, இந்த மூணு வாரத்துல சாப்பாட்டுல வேற ஏதாவது மாத்தினீங்களா?

மாடித்தோட்டம் மல்லிகா:
ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியாச்சு. அம்மாதான் ஒளிச்சு வெச்சிருக்காங்க.

மாத்திரைக்காரன்:
அப்ப பூவுக்கு மட்டும் மாலை போடாதீங்க! காலையில மாத்திரைக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் உக்காந்த பிறகு, ஒரே கையில அளந்து ஏழு நாள் எழுதுங்க. அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க, டீ குடிக்கிறதையும் சொல்லுங்க.

மாடித்தோட்டம் மல்லிகா:
அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப பூவை நிறுத்திட்டு ஊறுகாயைக் குடு, எதுல இறங்குச்சுன்னு பாத்துடலாம்"ங்கிறார்.