ரப்பர் புஷ்ஷுக்குக் கழிவு ஆயிலா? யார் சொன்னது?

பாலக்கோட்டான்: பழைய மாருதி 800 முன்பக்கம் கிரீச்சென்று கத்தினால் லோயர் ஆர்ம் புஷ்ஷில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் மூட்டு உறையில், கழிவு ஆயிலை விடுங்கள், சத்தம் போய்விடும் என்று நேற்று ஒரு மகான் இங்கே எழுதியிருக்கிறார். ஐயா, அது ரப்பர். ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும்.

தொப்பூர் டிரைவர்: அந்த மகான் நான்தான். தொப்பூர் கணவாயில் அம்பாசடர் ஓட்டிய கை இது. ஆயில் விட்டுத்தான் ஓட்டினோம், எந்த வண்டியும் பாதியில் படுக்கவில்லை.

பாலக்கோட்டான்: அம்பாசடரில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும், பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் எண்ணெய் வேண்டும்தான். ரப்பருக்கு எதற்கு?

மாங்கா மண்டி: முதலில் சத்தம் புஷ்ஷில்தான் வருகிறது என்று யார் பார்த்தது? ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். குழியில் கடகடவென்றால் பிரேக்கை லேசாக மிதியுங்கள், சத்தம் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது. கிரீச் என்றால் வண்டியை நிறுத்திப் பானட் மூலையை அமுக்கி அமுக்கி விட்டு, புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கினால் அதுதான் ஆள்.

தொப்பூர் டிரைவர்: சோப்புத் தண்ணீராம்! வண்டிக்குச் சத்தமா, சொறியா? ஆயில் விட்டால் சத்தம் போகுமா போகாதா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்: கொஞ்ச நாள் போகும். அப்புறம் புஷ் கிழிந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும்.

தொப்பூர் டிரைவர்: போகும் என்று நீங்களே சொல்லியாச்சு. அவ்வளவுதான் விஷயம்.

ஓசூர் ரோடு: புஷ்ஷை மாற்றுவதுதான் வழி. அதிலும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆர்ம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. தர்மபுரிப் பட்டறைகளில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

பாலக்கோட்டான்: தர்மபுரியை ஏன் இழுக்கிறீர்கள்? 2004-இல் உங்கள் கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதும் போல்ட் இறுக்கவும் தனியாகக் கற்றுக்கொண்டீர்களோ?

ஓசூர் ரோடு: உண்மையைச் சொன்னால் சுடுகிறது.

மாங்கா மண்டி: சண்டை போதும். புஷ் நல்லாயிருந்து கத்தினால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம், அது ரப்பரைத் தின்னாது.

தொப்பூர் டிரைவர்: பார்த்தீர்களா, கடைசியில் கிரீஸுக்கே வந்துவிட்டார்கள்! நான் ஆயில் என்றேன், இவர் கிரீஸ் என்கிறார். என்ன வித்தியாசம்?

பாலக்கோட்டான்: சிலிக்கான் என்று எழுதியிருப்பது கண்ணில் படவில்லையா, அண்ணா?

தொப்பூர் டிரைவர்: அம்பாசடர் காலத்தில் எந்தச் சிலிக்கான் இருந்தது தம்பி? ஆயில்தான்.