24 எச்பி மினி டிராக்டரில் தூர் எடுக்க எந்தக் கருவி: அரைப்பதா, பெயர்ப்பதா?

சோழவந்தான்_தோப்பு:
வணக்கம். சோழவந்தான் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. காய்ப்பு விட்டுப்போன கிழட்டு மரங்களை வெட்டியாச்சு, தூர் மட்டும் முழங்கால் உயரத்துக்கு அங்கங்கே நிற்கிறது. அதை ஒட்டி ஒரு மானாவாரித் துண்டு, முழுக்கச் சீமைக் கருவேலம். வீட்டில் 24 எச்பி மினி டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கும். பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்பக்கச் சுழல் தண்டில்) ஓடுகிற தூர் அரைக்கும் இயந்திரம் வாங்கலாமா, பின்னால் மாட்டுகிற சின்ன பேக்கோ (தோண்டும் கை) வாங்கலாமா, இல்லை பட்டறையில் சொல்லி மண்ணைக் கீறும் ஒற்றைக் கொழு அடித்துக்கொள்ளலாமா? ஒரே கருவி இரண்டு இடத்துக்கும் ஆகணும்.

வாடிப்பட்டி_வண்டி:
அரைக்கும் இயந்திரம்தான், யோசிக்காதீங்க. மினி டிராக்டரின் பலவீனமே அதன் எடை. ஒரு டன்னைத் தொடாத வண்டி தன் எடைக்கு மேல் இழுவை தராது, சக்கரம்தான் சுற்றும். ஆனால் பி.டி.ஓ. வேலைக்கு எடை வேண்டாம், என்ஜின் சக்தி அப்படியே பல்லுக்குப் போகிறது. பெயர்த்தால் ஆள் இறங்குகிற குழி விழும், அதை மூட மண்ணுக்கு அலையணும், பக்கத்தில் நிற்கிற நல்ல மரத்தின் வேர் அறுபடும், சொட்டுநீர்க் குழாய் போயிடும். அரைத்தால் அந்தத் தூர் நின்ற இடம் மட்டும்தான் பாதிக்கும்.

மேலூர்_பட்டறை:
வாடிப்பட்டி அண்ணே, எடைக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது தேக்கு, வேம்பு மாதிரிக் கட்டைகளுக்குப் பொருந்தும். தென்னைத் தூர் கட்டையே இல்லை, அது நார் மூட்டை. பல் பட்டதும் தூளாக வராது, இழை இழையாக உரிந்து சக்கரத்து அச்சில் சுற்றிக்கொள்ளும். பட்டறைக்கு வந்த ஒரு இயந்திரத்தில் பேரிங் மூடிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நார் இறுகிக் கருகி, ஆயில் சீலையே தின்றிருந்தது. ஹாக்ஸா பிளேடை வைத்து அறுத்து அறுத்துத்தான் எடுத்தோம். எங்கள் மேலூர்ப் பக்கத்துச் சரளையில் ஓட்டினால் இன்னொரு கூத்து, கார்பைடு பல் நுனி ஒவ்வொன்றாகத் தெறிக்கும். பல் செட்டுக்குச் சொல்லிவிட்டு ஊரில் காத்துக் கிடக்கணும்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்தான், ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒவ்வொன்றும் விரல் தடிமன்கூட வராது. தூரைச் சுற்றி இரண்டு அடி ஆழத்துக்கு வேரை அறுத்துவிட்டால் கிழங்கு மாதிரி அசைந்து கொடுக்கும். அதற்கு ஒற்றைக் கொழு போதும். தடித்த தகட்டில் அடித்து, முன்பக்கம் கத்தி போல் கூர் வைத்து, டிராக்டரின் பின்பக்க மூன்று இணைப்பில் மாட்டி, தூரை ஒட்டி நாலு பக்கமும் ஒரு இழுப்பு. ஒரே முக்கில் ஆழமாக இறக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கணும். ஷியர் போல்ட் வைக்காமல் அடித்துத் தருகிறவரிடம் வாங்கவே வாங்காதீங்க, கல்லில் மாட்டினால் போல்ட் உடையணும், வண்டியின் லிஃப்ட் ஆர்ம் உடையக் கூடாது.

வாடிப்பட்டி_வண்டி:
வேரை அறுத்தாச்சு சரி, அப்புறம் கிழங்கை யார் தூக்குவது? ஈரமான தென்னந்தூர் என்ன கனம் என்று உங்களுக்கே தெரியும். இந்த அளவு வண்டிகளில் ஹைட்ராலிக் தூக்கும் திறன் 750 கிலோ என்று போட்டிருப்பான், அது இணைப்பின் நுனியில் கணக்கு. சுமை பின்னால் தள்ளிப் போகப் போகக் குறையும், முன் சக்கரமும் தரையை விட்டு எழும்பும். கடைசியில் எல்லோரும் செய்வது சங்கிலி கட்டி இழுப்பதுதான்.

மேலூர்_பட்டறை:
சங்கிலியில் தப்பில்லை, கட்டுகிற இடத்தில்தான் இருக்கு. டிராபாரில், அதாவது பின் அச்சுக்குக் கீழே இருக்கிற இழுவைச் சட்டத்தில் மட்டும் கட்டணும். மூன்று இணைப்பில் மேலே இருக்கிற டாப் லிங்க் ஊசியில் கட்டி இழுத்தால், தூர் நகராதபோது வண்டி தன்னையே தூக்கிப் பின்னால் கவிழ்த்துக்கொள்ளும். கிளட்ச்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டம் இல்லாத வண்டி என்றால் இந்த வேலைக்கே எடுக்காதீங்க. அரைக்கும் இயந்திரத்துக்கும் இதே கவனம் வேணும், பி.டி.ஓ. தண்டு 540 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று, தண்டுக்கு மூடி இல்லாமல் வேட்டியும் துண்டுமாகப் பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கள்ளிக்குடி_கரிசல்:
இரண்டு பேரும் தென்னையையே சுற்றுகிறீர்கள். கருவேலத்தை மறந்தாச்சு. 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி எல்லா ஊரிலும் எந்திரம் இறங்கியதே, எங்கள் பக்கம் மேலோடு வெட்டிவிட்டுப் போன இடம் இப்போது எப்படி இருக்கு? ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டு. தரைக்குக் கீழே ஒரு அடி வரைக்கும் அதற்குத் துளிர்க்கிற சக்தி உண்டு. சின்ன இயந்திரம் முக்கால் அடி அரைப்பதே பெரிது, அதுவும் இரும்பு மாதிரி இருக்கிற கட்டையில். ஆக, கருவேலத்துக்கு அரைப்பது வீண் வேலை. வேர்க்கழுத்தோடு பெயர்க்கணும்.

இன்னொன்று, அந்தத் தூருக்கு விலை இருக்கு தம்பி. கரி மூட்டம் போடுகிறவர்கள் தூரைத் தோண்டி எடுத்துக்கொள்வார்கள், தூர்க்கட்டைக் கரி நின்று எரியும். காசு கொடுத்துக் கருவி வாங்கி அதைத் தூளாக்குவானேன்?

வாடிப்பட்டி_வண்டி:
கருவேலத்துக்கு அது சரி, நான் வாதாடவில்லை. ஆனால் தோப்புக்குள் என் பேச்சு நிற்கும்.

கள்ளிக்குடி_கரிசல்:
தோப்பிலும் ஒரு சிக்கல் இருக்கே. அரைத்த நார்க்குவியல் மழையில் மக்கினால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். அது நிற்கிற கன்றுகளின் குருத்தைத் துளைக்கும்.

வாடிப்பட்டி_வண்டி:
அண்ணே, குவித்தால்தான் வைக்கும். வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டால் வைக்காது. முழுத் தூராக மக்கவிடுவதுதான் வண்டுக்குப் பெரிய வீடு. அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கருவியானாலும் சரி, தூரை நிற்கவிடாதீங்க. எருக்குழி இருந்தால் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து வையுங்க, புழு சாகும்.

மேலூர்_பட்டறை:
தோப்பு தம்பி, ஒன்று கேட்கணும். வெட்டிய மரங்களில் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்ததா? வடிந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அந்தப் பூஞ்சாணம் தூரிலும் வேரிலும் மண்ணிலும் இருக்கும். அந்தத் தூரை அரைத்துத் தோப்பு முழுக்கத் தெறிக்கவிடவே கூடாது. வேரோடு எடுத்து எரிக்கணும்.

சோழவந்தான்_தோப்பு:
மேற்கு வரிசையில் சிலவற்றில் வடிந்தது அண்ணே. வயசான மரம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுட்டோம். அப்போ பேக்கோ?

வாடிப்பட்டி_வண்டி:
சாறு வடிந்த வரிசையில் அரைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பேக்கோவும் வேண்டாம். மூன்று இணைப்பில் மட்டும் தொங்குகிற பேக்கோ தோண்டும்போது வண்டியைத்தான் இழுக்கும். சேஸிஸுக்குக் கீழே தனிச் சட்டம் போட்டு மாட்டாவிட்டால் கியர்பாக்ஸ் உறையில் விரிசல் வரும். அவ்வளவு பணமும் போட்டு, அந்தக் கை தென்னங்கிழங்கைப் புரட்டுமா என்பதும் சந்தேகம்.

கள்ளிக்குடி_கரிசல்:
அந்த வரிசைக்கும் கருவேலத்துண்டுக்கும் ஜே.சி.பி. வாடகைக்கு எடுங்க தம்பி. வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியில் பதியலாம். கரிசல் என்றால் மழைக்குப் பிறகு ஓரளவு உலர்ந்த பதத்தில் கூப்பிடணும். ஈரத்தில் சக்கரம் புதையும், காய்ந்துவிட்டால் பாறை. அப்புறம், இனிமேல் சாய்க்கிற மரங்களை முதலில் வெட்டவே வேண்டாம். மரத்தை நிற்கவைத்து, சுற்றி வேரை அறுத்து, உயரத்தில் ஜே.சி.பி. கையை வைத்துத் தள்ளினால் மரமே நெம்புகோல், தூரோடு விழும்.

மேலூர்_பட்டறை:
மிச்ச தூருக்கு ஒற்றைக் கொழு போதும், பின்னாடி மண்ணுக்கடியில் இறுகிக் கிடக்கிற கடினத்தட்டு உடைக்கவும் உதவும். 24 எச்பிக்கு ஒன்றரை அடிக்கு மேல் கொழு நீளம் வேண்டாம்.

சோழவந்தான்_தோப்பு:
சரி அண்ணே. அதற்கும் கீழே இருக்கிற வேர்?

மேலூர்_பட்டறை:
கடப்பாரைதான் தம்பி. ஆள் வைத்து அறுத்துவிட்டு, டிராபாரில் சங்கிலி. கொழுவுக்கு எந்தத் தகடு, எத்தனை எம்.எம். என்று நாளைக்குப் படம் போட்டு அனுப்புகிறேன், உங்கள் வண்டியின் இணைப்பு ஊசி அளவை அளந்து வையுங்க.