பாலக்கோட்டு வீடு: குடும்பக் குழு

சனி, இரவு 8:12

நான்: அண்ணா, கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற யூரோ டிரக் 2 கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். இப்போது பிராசசரிலேயே இருக்கிற கிராபிக்ஸில்தான் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலையில் 30 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 30 படம் வருகிறது, ஊருக்குள் நுழைந்தால் திக்கித் திணறுகிறது.

அம்மா: பரீட்சை முடிந்துவிட்டது. அவனே வேலை பார்த்துச் சேர்த்த பணம். நல்லதாகப் பார்த்துச் சொல்லுப்பா.

ஓசூர் அண்ணன்: சரி சித்தி. தம்பி, பிராசசர் என்ன, மானிட்டர் என்ன?

நான்: ஐ5 10400. மானிட்டர் 1080பி. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்கு என்கிறார்கள் பசங்க.

ஓசூர் அண்ணன்: 4060 நல்ல கார்டு, 115 வாட்தான் இழுக்கும். ஆனால் போர்டோடு டேட்டா போய்வர அதற்கு 8 லேன்தான், உன் போர்டின் ஸ்லாட்டும் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பிவிட்டால் அந்தக் குறுகிய பாதையில்தான் எல்லாம் வந்து போகவேண்டும். நீயோ மேப் மோட், லாரி மோட் என்று கேமில் கூடுதலாக ஏற்றிக்கொண்டே இருப்பவன். உனக்கு ஆர்டிஎக்ஸ் 3060தான் சரி. 16 லேன், 12 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அது வேண்டாம். பெட்டியில் மெமரி 192 பிட் என்று இருக்கிறதா பார்த்து வாங்கு.

லாரி மாமா: 30 என்றால் குறைவா?

ஓசூர் அண்ணன்: மாமா, 80இல் போகிறீர்கள் என்று வையுங்கள். நொடிக்கு 22 மீட்டர். 30 படம்தான் வருகிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வண்டி முக்கால் மீட்டர் தாண்டிவிடும். 60 வந்தால் அதில் பாதி.

லாரி மாமா: தொப்பூர் கணவாய் இறங்கும்போது எனக்கு முன் கண்ணாடியைவிடப் பக்கக் கண்ணாடிதான் முக்கியம். பின்னால் வருபவன் பிரேக் பிடிக்காமல் வருகிறானா என்று அதில்தான் தெரியும். அது விட்டு விட்டுத் தெரிந்தால் எப்படி ஓட்டுவது?

ஓசூர் அண்ணன்: கார்டுக்குப் பாரமே அந்தக் கண்ணாடிதான் மாமா. ஒவ்வொன்றுக்கும் சாலையை இன்னொரு முறை வரையவேண்டும். தம்பி, கார்டு வந்ததும் கேம் செட்டிங்கில் ஸ்கேலிங்கை 400 சதவீதத்தில் வைக்காதே, நான்கு மடங்கு புள்ளி வரையும். உச்சத்தில் 120 வந்து ஊருக்குள் 40க்கு விழுவதைவிட, 60இலேயே பூட்டி ஒரே சீராக ஓட்டு. அப்புறம், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் என்ன?

நான்: 450 வாட். கேபினெட்டோடு வந்தது.

ஓசூர் அண்ணன்: மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு.

8:31

நான்: (படம்)

ஓசூர் அண்ணன்: 12 வோல்ட் லைனில் 18 ஆம்பியர்தான். பெருக்கினால் 216 வாட். 3060 மட்டும் 170, உன் பிராசசர் 65, இரண்டுக்குமே அது போதாது. முதலில் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கு, அப்புறம் கார்டு. பெங்களூரு எஸ்பி ரோட்டில் பழைய கார்டு கேட்காதே. நான் ஒன்று வாங்கி, ஃபேன் இரைச்சலோடு மூன்றே மாதத்தில் போய்விட்டது.

அம்மா: புதுசே வாங்கட்டும். குறைந்தால் நான் போடுகிறேன்.

நான்: சரிம்மா. அடுத்த சனி நீங்களும் வரமுடியுமா அண்ணா?

ஓசூர் அண்ணன்: வருகிறேன். காலையிலேயே ஓசூர் வந்துவிடு.

லாரி மாமா: அந்த கேமில் ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

நான்: இடது பக்கம் மாமா. பிரிட்டன் லாரி எடுத்தால் நம்மூர் மாதிரி வலது.

லாரி மாமா: லோடு இறக்கிவிட்டு வந்ததும் கேமில் பக்கக் கண்ணாடியை நான் சரியாகத் திருப்பி வைத்துத் தருகிறேன். பின் சக்கரம் தரையைத் தொடுகிற இடம் அதில் தெரியவேண்டும்.