மிஞ்சின சோத்தில பாண்: சுட்டுப் பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ

திருநெல்வேலியில இருந்து:

ராத்திரிச் சோறு மிஞ்சினால் தண்ணி ஊத்தி வைச்சு விடியப் பழஞ்சோறாக் குடிக்கிறது இங்க யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டு வழக்கம். பிள்ளையள் அதைத் தொடாயினம், பாண்தான் வேணும் எண்டு நிப்பினம். 2022 பொருளாதார நெருக்கடியில மா விலையும் காஸ் வரிசையுமாக் கிடந்த நேரம் சோத்தைப் பாணுக்குள்ள போட்டுக் குழைக்கத் தொடங்கினன். இப்ப மா தாராளமாக் கிடைக்குது, ஆனாலும் விடேல்லை. கடைப்பாண் அடுத்த நாள் வறண்டு போகும். இது மெத்தெண்டு இருக்கும். வெந்த அரிசி தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் காரணம்.

கோதுமை மா 500 கிராம், சோறு 150 கிராம், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒண்டரைத் தேக்கரண்டி, சீனி கொஞ்சம், தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. சோத்தைக் கையால நல்லா மசிச்சுப் போட்டு மாவில பிரட்டுங்கோ. தண்ணியிலதான் கவனம் வேணும். சோத்தில மூண்டில ரெண்டு பங்கு தண்ணிதான். அது குழைக்கக் குழைக்க வெளியில வரும். ஆனபடியால் 200 மில்லிலீற்றரோட தொடங்கி, தேவை எண்டால் தெளிச்சுத் தெளிச்சு விடுங்கோ. கையில ஒட்டுது எண்டு மாவை அள்ளிப் போடாதேங்கோ, பாண் கல்லாய்ப் போகும். மூடி 20 நிமிசம் விட்டிட்டுத் திரும்பக் குழைச்சால் ஒட்டு தானாக் குறையும். பிறகு ரெண்டு மடங்காப் பொங்கவேணும். எங்கட வெக்கைக்கு ஒரு மணித்தியாலம் போதும், மாரியில கூடச் செல்லும். அச்சில போட்டு இன்னொருக்காப் பொங்க விட்டு, அவணில 200 பாகையில 40 நிமிசம். ஈரப் பாண் எண்டபடியால் வழமையை விடக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். ஆறமுதல் வெட்டினால் உள்ளுக்குக் களி மாதிரித்தான் இருக்கும்.

சிவப்புக் குத்தரிசிச் சோறு எனக்கு விருப்பம். வெட்டேக்க அங்கங்க சிவப்புப் புள்ளி தெரியும். இவருக்கு அது பிடியாது, பாண் வெள்ளையா இருக்கவேணுமாம்.

பருத்தித்துறையில இருந்து:

அக்கா, நான் மிஞ்சின குரக்கன் புட்டில செய்யிறனான். புட்டில தேங்காய்ப்பூ இருக்கிறபடியால் எண்ணெய் தேவையில்லை. ஆனால் காய்ஞ்ச புட்டை அப்பிடியே போட்டால் மாவின்ர ஈரத்தை உறிஞ்சிப்போடும். சுடுதண்ணி தெளிச்சுப் பத்து நிமிசம் ஊற விடவேணும். மாவில காற்பங்குக்கு மேல போடுறேல்லை, கூடினால் பொங்காது. காலமை செய்த தேங்காய்ப் புட்டு ராவு வரைக்கும் வெளியில கிடந்ததெண்டால் அதைப் பாணுக்குக் கொண்டுபோகாதேங்கோ.

சாவகச்சேரியில இருந்து:

பிள்ளையள், நான் இளந்தாரியா இருக்கேக்க பாண் சுடுற போறணையில வேலைக்கு நிண்டனான். அங்க ஒருத்தரும் சோறு போட்டதில்லை. றாத்தல் பாணுக்கு இழுபடுற மா வேணும். சோத்தில அந்த இழுவை இல்லை, அதால உங்கட பாண் கடைப்பாண் உயரத்துக்கு எழும்பாது. அதை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் ருசிதான், நானும் சுட்டுப் பார்த்தனான்.

அவண் இல்லாத ஆக்களுக்கு ஒரு வழி சொல்லுறன். கனமான இரும்புச் சட்டியில காய்ஞ்ச மணல் ரெண்டு விரல் உயரத்துக்குப் போட்டு, அடுப்பில வைச்சு நல்லாச் சூடாக்கவேணும். பாண் அச்சை மணலுக்கு மேல இறக்கி, இரும்புத் தட்டால மூடி, மூடிக்கு மேல சிரட்டைத் தணல் போடுங்கோ. பனங்கொட்டையில சுட்ட ஊமல்கரி எண்டால் இன்னும் திறம், சூடு கனநேரம் நிக்கும். கீழ்நெருப்பு மெல்லிசா இருக்கவேணும். மேல்நெருப்புத்தான் பாணைச் சிவக்க வைக்கிறது. ஈஸ்ட் இல்லையெண்டால் பனங்கள்ளு விட்டுக் குழையுங்கோ. அப்பத்துக்கு விடுறனாங்கள்தானே, அதே வேலைதான். காலமை இறக்கின கள்ளு வேணும், பொங்க ரெண்டு மூண்டு மடங்கு நேரம் செல்லும், லேசாப் புளிக்கும். எனக்கு ஈஸ்ட் பாணை விட அந்தப் புளிப்புத்தான் பிடிக்கும்.

சுன்னாகத்தில இருந்து:

அண்ணை, வீட்டில புட்டுக்கு எண்டு அவிச்ச கோதுமை மாதான் கிடக்கு. அதில செய்யலாமோ?

சாவகச்சேரியில இருந்து:

செய்யேலாது தங்கச்சி. அவிக்கேக்க மாவின்ர இழுவை செத்துப் போகும். எவ்வளவு குழைச்சாலும் பொருபொருவெண்டு உடையும், காத்தைப் பிடிக்காது. பச்சை மா வாங்குங்கோ. அவிச்சதைப் புட்டுக்கே வைச்சிருங்கோ.

கோண்டாவிலில இருந்து:

ஆசுப்பத்திரியில வேலை செய்யிறபடியால் ஒண்டு சொல்லவேணும். அவணில சுடுறதுதானே, எல்லாம் செத்துப்போகும் எண்டு நினைச்சு நேற்று முழுக்க வெளியில கிடந்த சோத்தைப் போடாதேங்கோ. சோத்தில வாற பசிலஸ் சீரியஸ் எண்ட கிருமி விடுற ஒருவகை நஞ்சு சூட்டுக்கு அழியாது. பாணின்ர உள்ளுக்கு 95 பாகை மட்டிலதான் சூடு ஏறும், அந்த நஞ்சு 121 பாகையையும் தாங்கும். சாப்பிட்டு முடிஞ்ச உடனை மிச்சத்தைத் தட்டையாப் பரப்பி ஆறவைச்சு, ஃப்ரிட்ஜில வையுங்கோ, அடுத்த நாளே பாவியுங்கோ. நூல் விட்ட சோறு எண்டால் யோசியாமல் எறியுங்கோ.

திருநெல்வேலியில இருந்து:

நல்லதாப் போச்சு. நானும் ஃப்ரிட்ஜில வைச்ச சோறுதான் எடுக்கிறனான், ஆனால் குழைக்கமுதல் அரை மணித்தியாலம் வெளியில எடுத்து வைக்கிறனான், குளிர்ச் சோறு ஈஸ்டை மந்தமாக்கும்.

அண்ணை, கள்ளு எவ்வளவு விடுறது? 500 கிராம் மாவுக்குத் தண்ணிக்குப் பதிலா முழுக்கக் கள்ளே விடலாமோ, பாதிக்குப் பாதியோ? அதோட சாமைச் சோத்தில ஆரும் செய்தனீங்களே? எனக்கு அது மசியாமல் பருக்கை பருக்கையா நிக்குது.